விடுதிக் கட்டில்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மாந்தர் வாழ்க்கைக்கு இன்றியமையாதன என்று இளவகுப்பிலேயே நாம் கற்றோம். அவற்றோடு உறக்கம் என்னும் ஒன்றையும் கூட்டி எண்ணியவர் சிலரே. ஒரு நாளின் மூன்றிலொரு பங்கைத் தனதாக்கிக் கொள்ளும் அவ்வுறக்கத்திற்கு இடமாகிய படுக்கையைப் பற்றிப் பேசப் புகுந்தால், அது சோம்பர் பேச்சென்று கருதுவாரும் உளர். 'பசி ருசி அறியாது. நித்திரை சுகம் அறியாது' என்னும் பழமொழியை எடுத்துக் காட்டி, களைத்தவனுக்குக் கட்டாந்தரையும் பஞ்சணையே என்று கூறி நம் வாயை அடைத்துவிடுவர்.

அப்பழமொழி பொய்யன்று. ஆயினும், அஃது எத்தகையாரை நோக்கி எழுந்தது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வைகறையில் ஏர் பூட்டி, உச்சிப் பொழுதளவும் சேற்றில் உழன்று, மாலையில் நீர் பாய்ச்சி, இரவில் திண்ணையிலே சாய்கின்ற உழவனுக்கு அது முற்றும் பொருந்தும். நாமோ பகலெல்லாம் பலகையின்மேல் அமர்ந்திருப்பவர்கள். நமது களைப்பு உடலின் களைப்பன்று, உள்ளத்தின் களைப்பு. தேர்வை நினைந்தும், ஊரை நினைந்தும், கட்டவேண்டிய கட்டணத்தை நினைந்தும் இரவு பதினொரு மணிக்குக் கட்டிலில் சாய்கின்ற மாணாக்கனை உறக்கம் தானே வந்து தழுவுவதில்லை. அவனுக்கு முதுகில் உறுத்தும் ஓர் இரும்புப் பட்டையும், காதருகே பாடும் ஒரு கொசுவும் போதும், விடியுமளவும் விழித்திருப்பான்.

மேலும், விடுதியில் வாழும் மாணாக்கனுக்குக் கட்டில் என்பது உறங்குமிடம் மாத்திரமன்று. அறை நால்வர்க்கும் பொது. மேசை இருவர்க்குப் பொது. கிணற்றடியும் உணவுக்கூடமும் எல்லார்க்கும் பொது. ஆறடி நீளமும் மூன்றடி அகலமும் உடைய அவ்வொரு கட்டிலே அவனுக்கு உரிமையான நிலம். அங்கிருந்தே அவன் படிக்கின்றான்; அங்கிருந்தே வீட்டாரோடு பேசுகின்றான்; காய்ச்சல் வந்தால் அங்கேயே கிடக்கின்றான்; பிறர் காணாமல் அழவேண்டிய நாளில் போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டு அங்கேயே அழுகின்றான். ஆதலின் அக்கட்டிலைச் செம்மைப்படுத்திக்கொள்ளும் வகையை ஆராய்தல் வீண் பேச்சாகாது என்பது என் துணிபு.

படுக்கையைப் பற்றி நூல்களிலே காணப்படும் மூன்று செய்திகளை இங்கு நினைவு கூர்தல் தகும்.

முதலாவது, நம் கல்லூரிச் சிற்றாலயத்தில் நாம் பலகாற் கேட்டது. பெயெர்செபாவை விட்டுப் புறப்பட்டு ஆரானை நோக்கித் தனியே நடந்த யாக்கோபு என்னும் இளைஞன், பொழுது சாய்ந்தபின் வழியிலே தங்கி, ஒரு கல்லைத் தலையின்கீழ் வைத்துக்கொண்டு படுத்தான். வீட்டைப் பிரிந்தவன் கண்ட அந்த இரவிலேதான், விண்ணைத் தொட்ட ஏணியின் காட்சி அவனுக்குக் கிடைத்தது. விழித்தெழுந்து, தலைக்கு வைத்த அக்கல்லையே தூணாக நிறுத்தி, அவ்விடத்திற்குப் பெத்தேல் என்று பெயரிட்டான்.

இரண்டாவது, நம் மதுரைக்கே உரியது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையிலே நக்கீரர் பாண்டிமாதேவியின் கட்டிலை விரித்துரைக்கின்றார். நாற்பது ஆண்டு நிரம்பிய யானையின் கோட்டால் இயன்றது அது; சூழ முத்துச்சரங்கள் தொங்குவன; மேலே அன்னத்தின் தூவி பரப்பியது; அதன்மேல் கஞ்சியிட்டு வெளுத்த ஆடை விரித்தது. இதனினும் மேலான படுக்கையை எண்ணுதலும் அரிது. ஆயினும் பாசறையில் இருக்கும் பாண்டியனை நினைந்து அத்தேவி அதன்மேல் உறங்காது கலங்கி இருந்தாள்.

மூன்றாவது, புறநானூற்றில் உள்ளது. மோசிகீரனார் என்னும் புலவர் நெடுவழி நடந்த களைப்பால் சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையின் அரண்மனையிலே, முரசு வைக்கும் கட்டிலென்று அறியாமல், அதன்மேற் படுத்து உறங்கிவிட்டார். முரசோ நீராட்டுதற்குச் சென்றிருந்தது. எண்ணெய் நுரை போன்ற மெல்லிய பூக்கள் அக்கட்டிலிற் பரப்பப்பட்டிருந்தன. முரசு கட்டிலில் ஏறியவனை வாளால் வெட்டுதல் அக்காலத்து முறை. அரசனோ வாளை எடுக்கவில்லை. கவரி கொண்டு, புலவர் விழிக்குமளவும் அருகே நின்று வீசினான்.

கல்லின்மேல் ஒருவன் உறங்கினான்; அன்னத் தூவியின்மேல் ஒருத்தி உறங்கவில்லை; தமக்கு உரியதல்லாத கட்டிலிலே ஒருவர் உறங்க, உரியவன் காற்று வீசினான். இவற்றை ஒருங்கு வைத்து எண்ணுவார்க்கு, மெத்தை ஒன்றே உறக்கத்தைத் தந்துவிடாது என்பதும், அது பற்றி மெத்தையை இகழ்தலும் தகாது என்பதும் விளங்கும். யாக்கோபு அக்கல்லின்மேல் படுத்தது ஓர் இரவு மாத்திரமே. நாமோ மூன்றாண்டு படுக்கவேண்டியவர்கள்.

மருத்துவ நூலோர் கூறுவதையும் சிறிது கேட்போம். பதினெட்டு முதல் இருபத்தைந்து வயதிற்கு உட்பட்டோர் நாடோறும் 7 முதல் 9 மணி நேரம் உறங்குதல் நன்று என்று அமெரிக்க நாட்டுத் தேசிய உறக்க நிறுவனம் 2015-ஆம் ஆண்டில் வெளியிட்டது. பகலில் கற்றவை மனத்தில் ஊன்றி நிலைபெறுவதும் உறக்கத்தின்போதே என்று ஆராய்ச்சியாளர் உரைக்கின்றனர். எனவே, விடிய விடியப் படித்துத் தேர்வெழுதச் செல்லும் நண்பர், விதைத்த நிலத்திற்கு நீர் விடாது கதிரறுக்கச் செல்பவரை ஒப்பர். படுக்கையின் கடினத்தைக் குறித்தும் ஓர் ஆராய்ச்சி உண்டு. வெறும் பலகையே முதுகிற்கு நல்லது என்பது நெடுநாள் வழங்கிய கொள்கை. இடுப்பு வலியுடைய 313 பேரை ஸ்பெயின் நாட்டில் இரு கூறாக்கிச் சோதித்து, 2003-ஆம் ஆண்டில் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டனர். மிகக் கடினமான மெத்தையினும் நடுத்தரமான திண்மையுடைய மெத்தையிற் படுத்தவரே 90 நாட்களின் பின்னர் மிகுதியும் நலமுற்றிருந்தனர். மிக்க மென்மையும் ஆகாது. மிக்க கடினமும் ஆகாது. 'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்னும் நம் முதுமொழி மெத்தைக்கும் பொருந்துவதாயிற்று.

இனி, இவற்றை நான் ஆராயப் புகுந்த காரணத்தைக் கூறுவேன்.

சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில், எங்கள் அறைக்கு முதலாண்டு மாணவர் ஒருவர் வந்து சேர்ந்தார். மானாவாரி நிலங்கள் சூழ்ந்த ஒரு சிற்றூரினர். ஒரு தகரப் பெட்டியும் ஒரு கோரைப் பாயுமே அவர் கொணர்ந்தவை. விடுதியில் அளிக்கப்படுவது இரும்புக் கட்டில். அதன் சட்டத்தில் குறுக்கே இரும்புப் பட்டைகள் பொருத்தப்பட்டிருக்கும். மெத்தையை மாணவரே கொணர்தல் வழக்கம். பட்டைகளுக்கு இடையே நான்கு விரல் இடைவெளி இருப்பதால், வெறும் பாயை அதன்மேல் விரித்துப் படுத்தால் உடல் பட்டைதோறும் பதிந்து, விடியும்போது முதுகில் ஏணி வரைந்தாற்போல வடுக்கள் தோன்றும். அவர் இரண்டு இரவு அவ்வாறு படுத்தார். மூன்றாம் இரவு முதல் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குச் சென்றார்.

"உள்ளே வெக்கையாக இருக்கிறது, அண்ணா" என்று கூறினார். ஆடி மாதக் காற்றில் அவ்வுரை நம்பத்தக்கதாகவே இருந்தது. ஆவணியில் மழை பெய்தது. அப்பொழுதும் அவர் மாடிப்படிக்கட்டின் வளைவிலே பாயை விரித்தார். வகுப்பில் கண் செருகினார். முதல் மாதத் தேர்வில் பின்தங்கினார். "ஊருக்கே போய்விடலாம் என்றிருக்கிறேன்" என்று ஒரு நாள் மெல்லச் சொன்னார். வெக்கையின் மெய்ப்பொருள் அன்றுதான் எங்களுக்கு விளங்கியது. அறையில் மூன்று மெத்தைக்கு நடுவே ஒரு வெறுங்கட்டில் கிடப்பதைப் பிறர் பார்க்கும் பார்வையே அவரைச் சுட்ட வெக்கை.

எங்களுள் ஒருவர் உடனே பணம் திரட்டிப் புது மெத்தை வாங்கித் தருவோம் என்றார். மற்றொருவர் தடுத்தார், "கொடுப்பது எளிது, நாடோறும் அதன்மேற் படுப்பவனுக்கு அல்லவோ அதன் பாரம் தெரியும்" என்றார். அச்சொல் என் உள்ளத்தில் தைத்தது. விடுதிப் பண்டக அறையில், என்றோ படித்துச் சென்ற ஒருவர் விட்டுப்போன மெத்தை ஒன்று கட்டி கட்டியாகக் கிடந்தது. விடுதிக் காப்பாளரின் இசைவு பெற்று அதனை எடுத்துக்கொண்டு, அம்முதலாண்டு மாணவரையும் உடனழைத்துக்கொண்டு, ஒரு சனிக்கிழமை கோச்சடைக்குச் சென்றோம்.

கோச்சடை என்பது மதுரைக்கு மேற்கே, வைகையின் தென்கரையில், மேலக்கால் சாலையில் உள்ள ஊர். பாண்டிய மன்னர் பெயராகிய கோச்சடையன் என்பதனை நினைவூட்டும் பெயருடையது. அங்குள்ள அய்யனார், முத்தையா சாமி கோயில் சுற்றுப்புறத்தார் பலர்க்கும் குலதெய்வக் கோயில். முன்னாளில் வயல்கள் சூழ்ந்த சிற்றூராயிருந்து, இந்நாளில் நகரத்தோடு ஒன்றி வீடுகள் நெருங்கிய பகுதியாகிவிட்டது. எனினும் ஆற்றங்கரையிலே கோரையும் சம்பும் இன்றும் செழித்து நிற்கின்றன.

அங்கே மெத்தை தைக்கும் முதியவர் ஒருவர் இருக்கின்றார். நாங்கள் கொணர்ந்த மெத்தையை அவர் ஒரு கையால் அழுத்தினார்; மறுகையால் தையலைப் பிரித்து ஒரு பிடி பஞ்சை எடுத்து வெயிலிலே பிடித்துப் பார்த்தார்.

"தம்பி, இது பாதி இலவம் பஞ்சு, பாதி ஆலைக் கழிவு. கழிவுதான் வியர்வையைக் குடித்துக் கட்டி தட்டியிருக்கிறது. இலவம் இன்னும் உயிரோடு இருக்கிறது" என்றார்.

இலவம் பஞ்சின் இயல்பை அவர் வாயிலாகவே முதலில் அறிந்தேன். பின்னர் நூல்களிலும் கண்டேன். நம் நாட்டில் அதற்குப் பேர்போன இடம் தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர். மாசி, பங்குனியில் காய் முற்றி வெடிக்கும். பழுக்குமென்று காத்திருந்த கிளி ஏமாந்தது. அதனாலன்றோ 'இலவு காத்த கிளி' என்னும் வழக்கு எழுந்தது! கிளிக்கு ஏமாற்றமாயினும் மாந்தர்க்கு அது பேறு. அப்பஞ்சின் ஒவ்வோர் இழையும் உள்ளே துளையுடைய நுண்ணிய குழல்; அதன் பருமனில் ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது பங்கு காற்றே. மேலே மெழுகுபோன்ற ஒரு பூச்சு இருப்பதால் எளிதில் நீரை ஏற்பதில்லை. இதனாலேயே முன்னாளில் கப்பலோட்டிகளின் உயிர்காப்பு அங்கிகளில் இதனை அடைத்தனர். இழை குறுகியதும் வழுக்குவதும் ஆதலால் நூலாக நூற்றற்கு ஏலாது, அடைத்தற்கே உதவும். நாளடைவில் அமுங்கினாலும், வெயிலிலிட்டுக் கோலால் தட்டினால் இழைகளுக்கிடையே காற்றுப் புகுந்து மீண்டும் எழும்பும். ஒரு குற்றம் உண்டு: தீயை விரைவில் பற்றும். கொசுவர்த்திச் சுருளை மெத்தையருகே கொளுத்தி வைக்கும் நண்பர் இதனை மறவாதிருக்க.

முதியவர் வேலைக்கு ஒரு விலை கூறினார். அது எங்கள் கையிலிருந்ததினும் சிறிது மிகுதி. அப்பொழுது அம்முதலாண்டு மாணவர் முன்வந்து, "ஐயா, நான் கூட இருந்து வேலை செய்து கொடுத்தால் கூலியில் கழித்துக் கொள்வீர்களா?" என்று கேட்டார். முதியவர் அவரை ஏற இறங்கப் பார்த்து, "ஊசி பிடித்த கையா?" என்றார். "சாக்குத் தைத்த கை" என்று விடை வந்தது. முதியவர் நகைத்து இசைந்தார்.

இரண்டு சனிக்கிழமை அவர் கோச்சடைக்குச் சென்றார். முதல் நாள் பஞ்சைக் கொட்டி, கழிவைப் பிரித்து நீக்கி, விதையும் தூசும் பொறுக்கி, கோலால் அடித்து வெயிலில் உலர்த்தினர். மறுவாரம் புதிய கோடுபோட்ட மெத்தைத் துணியில் பழைய இலவத்தோடு புதிய இலவத்தைக் கலந்து அடைத்தனர். மூலைகளில் முதலிலும் நடுவில் இறுதியிலும் அடைத்தல் வேண்டும் என்பதும், உடலின் பாரம் மிகுதியும் தங்குவது இடுப்பிலாதலால் அங்கே ஒரு பிடி மிகுதியாக இடவேண்டும் என்பதும், பஞ்சு ஓடாதபடி சாணுக்கொரு முடிச்சு மேலும் கீழும் ஊடுருவத் தைக்கவேண்டும் என்பதும் அவர் அங்கே கற்றவை. மாலையில் அம்மெத்தையைத் தலைமேற் சுமந்துகொண்டு அவர் விடுதி வாயிலில் நுழைந்தபொழுது, அவர் நிமிர்ந்து நடந்த நடையை நாங்கள் எல்லாரும் கண்டோம். பிறர் கொடுத்த பொருளைச் சுமப்பவர் நடை அன்று அது. தாம் ஈட்டிய பொருளைக் கொணர்பவர் நடை. அன்றிரவு அவர் எட்டரை மணிக்கே உறங்கிவிட்டார். ஊருக்குப் போகும் பேச்சு அதன்பின் எழவில்லை.

அவர் வாயிலாகவும், அம்முதியவர் வாயிலாகவும், என் பட்டறிவாலும் அறிந்தவற்றைப் புதிதாக வரும் மாணாக்கர்க்குப் பயன்படுமென்று கருதி இங்கு முறையே தொகுத்துக் கூறுகின்றேன்.

முதற்கண் கட்டிலை நோக்குக. மெத்தையைக் குறை கூறுவார் பலர். குறையோ பெரும்பாலும் கட்டிலிலே இருக்கும். பட்டைகள் வளைந்து நடுவே பள்ளம் விழுந்திருந்தால் எத்துணை நல்ல மெத்தையும் தொட்டிலாகிவிடும். மரக்கடையில் ஆறடிக்கு மூன்றடியாக ஓர் ஒட்டுப்பலகை வாங்கிப் பட்டைகளின்மேல் பரப்பினால் அக்குறை நீங்கும். நான்கு கால்களும் தரையில் ஒக்க நிற்கின்றனவா என்றும் பார்க்க. ஒரு கால் குறைந்திருந்தால் அட்டையை மடித்து அதன்கீழ் வைத்தல் போதும். புரளுந்தோறும் கட்டில் முனகுவது நின்றுவிடும். அண்டைக் கட்டிலாரும் வாழ்த்துவர்.

இரண்டாவது, மூட்டைப் பூச்சி. இஃது ஏழை, செல்வர் என்னும் வேற்றுமை அறியாதது. மெத்தையை வெயிலிலிட்டால் ஒழிந்துவிடும் என்பர். ஆயின் வெயில் படும் பக்கத்தினின்று அது நிழற்பக்கத்திற்கு ஓடி ஒளியவல்லது. 50 பாகைக்கு மேற்பட்ட வெப்பமே அதனையும் அதன் முட்டையையும் கொல்லும். ஆதலின் கட்டிலை வெளியே கொணர்ந்து, சட்டம் பொருந்தும் மூலைகளிலும் திருகாணித் துளைகளிலும் கொதிநீரை மெல்ல ஊற்றுதல் வேண்டும். மெத்தையை இருபுறமும் மாற்றி மாற்றிக் கடும் வெயிலில் காய்ச்சித் தையலோரங்களைத் துடைத்தல் வேண்டும். பத்து நாள் கழித்து மறுமுறையும் செய்தல் வேண்டும். ஓர் அறையிலுள்ள நால்வரும் ஒரே நாளில் செய்யாவிடின் பயனில்லை. ஒருவர் கட்டிலினின்று துரத்தப்பட்டது மற்றவர் கட்டிலில் விருந்தாளியாகும். ஒற்றுமையே வலிமை என்பதை எனக்கு ஐயமறக் கற்பித்தது மூட்டைப் பூச்சியே.

மூன்றாவது, பாய். மதுரையின் சித்திரை வெயிலை அறியாதார் இலர். பகலெல்லாம் வெப்பத்தை உண்ட மேற்கூரை இரவெல்லாம் அதனை உமிழும். நாம் உறங்கத் தொடங்கும்போது உடலின் உள்வெப்பம் ஒரு பாகை அளவு தணிதல் இயல்பு. அவ்வெப்பம் தோலின் வழியே வெளியேறுதல் வேண்டும். செயற்கை நுரை மெத்தை அதனை வெளியேற விடாது, முதுகு வியர்க்கும், உறக்கம் கலையும். இதற்கு நம் முன்னோர் கண்ட வழி மெத்தையின்மேல் கோரைப் பாயை விரித்தல். கோரையின் இடையே காற்று உலவும், வியர்வை ஒட்டாது. நெல்லைச் சீமையிலுள்ள பத்தமடையில், தாமிரபரணிக் கரைக் கோரையைக் கீறி, நீரில் ஊறவைத்து, மெல்லிய இழையாக்கிப் பருத்திப் பாவில் நெய்யும் பாய் பட்டுப்போல் மடியும். புவிசார் குறியீடும் பெற்றது அது. அத்துணை விலையுயர்ந்தது மாணாக்கர்க்கு வேண்டா. மதுரைக் கடைவீதியிற் கிடைக்கும் நாட்டுக் கோரைப் பாயே போதும். மார்கழியில் பாயை எடுத்துவிட்டு மெத்தைமேல் பவானி ஜமக்காளத்தை விரித்தால் குளிர் கீழிருந்து ஏறாது.

நான்காவது, விரிப்பு. கடையில் வாங்கும் புதிய விரிப்பினும், பன்முறை துவைத்து மென்மையான பழைய நூற்புடைவை மேலானது. பாண்டிமாதேவியின் கட்டிலுக்கும் வெளுத்துக் கஞ்சியிட்ட ஆடைதான் விரித்தார்கள் என்பதை மேலே கண்டோம். கிழமைக்கு ஒருமுறையேனும் அதனைத் துவைத்து வெயிலில் உலர்த்துக. தாயாரின் பழைய புடைவையை இரண்டாக மடித்துத் தைத்துக் கொணர்ந்த நண்பர் எங்கள் விடுதியில் பலர் உளர். வீட்டை விட்டுவந்த முதல் மாதத்தில் அவ்விரிப்பு செய்யும் உதவியை எந்த மருந்தும் செய்யாது.

ஐந்தாவது, தலையணை. ஒருக்களித்துப் படுப்பவர்க்குத் தலையணையின் உயரம் தோளின் அகலத்திற்கு ஒத்திருத்தல் வேண்டும். மல்லாந்து படுப்பவர்க்கு அதனினும் தாழ்ந்தது வேண்டும். கழுத்து வளையாது முதுகெலும்போடு நேராக நிற்பதே அளவு. தலையணை தாழ்ந்திருந்தால் துண்டை மடித்து உறைக்குள் இடுக. பாடநூல்களை அடுக்கித் தலைக்கு வைப்பாரும் உளர். அவ்வழியாகக் கல்வி தலைக்குள் ஏறியதாக இதுவரை செய்தியில்லை.

ஆறாவது, கொசு. 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள், சிக்கந்தராபாத்திலே ரொனால்டு ராஸ் என்பார் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டது முதல், அதன் பாட்டு வெறும் தொல்லை மாத்திரமன்று என்று உலகம் அறிந்தது. புகையும் பூச்சும் சிறிது நேரமே உதவும். நான்கு மூலையிலும் கோல் நாட்டிக் கட்டிய வலையே சிறந்த காவல். அதன் விளிம்பை மெத்தையின்கீழ்ச் செருகுதல் வேண்டும். எறும்பைத் தடுக்கக் கட்டிற்காலின்கீழ்க் கிண்ணத்தில் நீர் வைப்பார், அந்நீரைக் கிழமைக்கொரு முறை தவறாது கொட்டுக. இல்லையேல் டெங்குக் கொசுவை நாமே வளர்ப்போராவோம். அக்கொசு பகலில் கடிப்பது. பகலுறக்கத்திற்கும் வலை வேண்டும்.

ஏழாவது, இக்காலத்துப் புதிய பகை ஒன்றுண்டு. அது கைப்பேசி. அதன் நீல ஒளி, உறக்கத்தை வருவிக்கும் மெலடோனின் என்னும் சுரப்பினைத் தாழ்த்துகின்றது என்பர். மூட்டைப் பூச்சியை வெந்நீர் கொண்டு வெல்லலாம். கைப்பேசியை வெல்ல மனவுறுதி ஒன்றே வேண்டும். அதனைக் கைக்கெட்டாத் தொலைவில், பெட்டியின்மேல் வைத்துவிட்டுப் படுத்தல் நன்று. தனிக் கட்டிலில் தனியே படுக்கக் கிடைத்த இடத்திலே, ஊரார் அனைவரையும் ஏன் அழைத்து வைத்துக்கொள்ளல் வேண்டும்?

இவ்வளவும் செய்தும் உறக்கம் வாராதாயின், குறை கட்டிலில் இல்லை; கவலையில் இருக்கின்றது. அதற்கு மெத்தை மருந்தன்று. அறைத் தோழரையோ, ஆசிரியரையோ, விடுதிக் காப்பாளரையோ நாடி மனத்தைத் திறந்து பேசுதலே மருந்து. பாண்டிமாதேவியின் கட்டில் நமக்கு உணர்த்துவது அதுவே.

இறுதியாக ஒன்று. ஆண்டுதோறும் சித்திரையில், இறுதியாண்டு மாணாக்கர் ஊர் திரும்புங்கால், தம் மெத்தைகளை விடுதியிலேயே விட்டுச் செல்கின்றனர். அவை பண்டக அறையில் குவிந்து, புழுதி படிந்து, எலிக்கு மாளிகையாகி, பின்னர் எரிக்கப்படுகின்றன. எங்கள் அறையினரும் அண்டை அறையினரும் சேர்ந்து இவ்வாண்டு சிறு ஏற்பாடு ஒன்றைச் செய்தோம். விட்டுச் செல்லப்பட்ட மெத்தைகளைச் சித்திரை வெயிலிலே மாடியில் பரப்பி, இருபுறமும் காய்ச்சி, தட்டி எடுத்தோம். கட்டி தட்டியவற்றைப் பிரித்து அடைத்துத் தைத்தோம். எங்களுக்கு ஆசிரியராக நின்றவர், கோச்சடையில் இரண்டு சனிக்கிழமை பாடம் கேட்ட அம்மாணவரே. சாணுக்கொரு முடிச்சு என்பதில் அவர் கண்டிப்பு மிக்கவர். ஒன்றரைச் சாணுக்கு முடிச்சிட்டவர் பிரித்து மீண்டும் தைக்க நேர்ந்தது. பதினொரு மெத்தைகள் புதுவாழ்வு பெற்றன. அவற்றின்மேல் எவர் பெயரும் எழுதவில்லை. புதிய மாணாக்கர் வருமுன்னே, மெத்தையில்லாக் கட்டிலொன்றும் அவர் கண்ணிற் படாதவாறு, அறைதோறும் விரித்து வைப்பதென்று முடிவு செய்தோம். மெத்தை கொணர்பவர் கொணர்க. கொணராதவர் எவரென்று யாரும் அறியாதிருக்க.

இவ்விதழைப் படிக்கும் பழைய மாணாக்கர் பலர், தாம் படுத்த கட்டிலின் எண்ணை இன்றும் நினைவில் வைத்திருப்பர். அவர்கட்கு எங்கள் வேண்டுகோள் பெரிதன்று. விடுதி வழியாகச் செல்ல நேர்ந்தால் உள்ளே வந்து, இலவம் பஞ்சுக்கென்று இயன்றதைக் காப்பாளரிடம் அளித்துச் செல்க. இறுதியாண்டு நண்பர்களோ பொருள் ஒன்றும் தரவேண்டா. புறப்படுமுன் தம் மெத்தையை ஒரு பகல் வெயிலில் இட்டுச் செல்வாராயின், அதுவே பெருங்கொடை.

ஆனி மாதத்தில் தகரப் பெட்டியோடு வந்திறங்கும் இளைஞர் ஒருவர், நம் கல்லூரியின் நூல்நிலையத்தையும் ஆசிரியர்தம் பெருமையையும் அறிதற்குச் சில மாதம் செல்லும். முதல் இரவிலேயே அவர் அறிவது அவர்தம் கட்டில் ஒன்றையே. தம்மை எதிர்பார்த்து எவரோ முன்னரே வந்து அதனை விரித்து வைத்திருக்கின்றனர் என்று அவர் உணர்வாராயின், அவ்விரவே அவர் நம்மவர் ஆகிவிடுவார். முரசு கட்டிலின் அருகே நின்று கவரி வீசிய அரசன் புலவர்க்குச் செய்த சிறப்பு எத்தகையதோ, பெயர் எழுதாத ஒரு மெத்தையை விரித்து வைப்பவர் அவ்விளைஞர்க்குச் செய்வதும் அத்தகையதே. நம் விடுதியில் வந்து தங்குவார் அனைவரும் நன்கு உறங்கி எழுவாராக!